தலைமைப் பந்து

எங்கள் மூன்று மாவட்டச் சாயப்பந்துக் கழகத்தில் ஏமாற்றுக்காரர்கள் கிடையாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதற்கென்றே கழகத்தில் மூன்று குழுக்கள் இருக்கின்றன. மூன்றும் இதுவரை ஒன்றையொன்றுதான் பிடித்திருக்கின்றன.

மூன்றில் மூத்தது குழல் ஆய்வுக் குழு. போன ஜூலை மாத இறுதி ஆட்டத்தில் அந்தக் குழு லைல் பூசெக்கை என்ன பாடுபடுத்தியது என்பதை எழுதி வைக்கிறேன். நான் கழகத்தின் வேகமானிக்காரன். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவனும் என் கருவிக்கு முன்னால் மூன்று பந்து சுட வேண்டும். பந்து வினாடிக்கு இருநூற்றெண்பது அடிக்கு மேல் பறந்தால் அவனுடைய மார்க்கரைத் தணிக்கச் சொல்வேன். துப்பாக்கி என்று சொல்லக்கூடாது, மார்க்கர்தான். சொன்னால் அதற்கும் ஒரு குழு இருக்கிறது.

விஷயம் ரொம்பச் சின்னது. சாயப்பந்து என்பது கோலிக்குண்டு அளவில் ஜெலட்டின் தோல், உள்ளே சாயம். மாத்திரைக் கூட்டைப் போன்ற அதே தோல்தான். மார்க்கரின் குழல் பந்துக்குச் சரியாக இருந்தால் பந்து நேராகப் போகும். குழல் பெரிதானால் காற்று ஓரத்தில் கசிந்து பந்து கண்ட இடத்துக்கும் போகும். சிறிதானால் உள்ளேயே உடைந்து சாயம் வழியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான். பந்தைக் குழலில் போடு. தானாக உருண்டு விழுந்தால் குழல் பெரிது. பலமாக ஊதியும் வராவிட்டால் சிறிது. நின்று, லேசாக ஊதினால் வெளியே வந்தால் சரி. அரை நிமிஷ வேலை. எங்கள் ஒஹாயோவில் எட்டாம் வகுப்புப் பையன்கூட இதைச் செய்வான்.

இந்த அரை நிமிஷத்தை ஒரு முழு நாளாக்கியவர் குழுத் தலைவர் ஆர்வில் ஸ்ட்ரௌட். முப்பத்தோரு வருஷம் குளியலறை எடை பார்க்கும் இயந்திரம் விற்று ஓய்வு பெற்றவர். ஆட்டம் ஆடியதில்லை. முந்தைய வருஷ இறுதி ஆட்டத்தில் லைல் தொண்ணூறு அடி தூரத்திலிருந்து இவருடைய மருமகனை முகமூடிக் கண்ணாடியிலேயே அடித்தான். அன்றைக்கே அவர் எழுந்து நின்று சொன்னார், என் காதால் கேட்டேன்.

"தொண்ணூறு அடியிலேர்ந்து ஒருத்தன் நேரா அடிக்கிறான்னா, அதுல ஏதோ இருக்கு. நேர்மையானவன் குறி தவறுவான்."

அடுத்த மாதமே குழல் ஆய்வுக் குழு பிறந்துவிட்டது. அதோடு தலைமைப் பந்தும்.

இறுதி ஆட்டம் காலை பத்து மணிக்கு, ஹார்ட்டிங்கர் பண்ணைக்குப் பின்னால் உள்ள களத்தில். ஒரு பக்கம் லைல் அணி, ஐந்து பேர். எதிர்ப்பக்கம் மார்சி ட்வோராக் அணி, ஐந்து பேர். மார்சி மாட்டுத்தீவன லாரி ஓட்டுபவள். லைல் பள்ளிக்கூடப் பேருந்து பழுது பார்ப்பவன். இருபத்திரண்டு வருஷமாக ஒருவரையொருவர் மரத்துக்குப் பின்னாலிருந்தே பார்த்துக்கொண்டவர்கள். லைலுக்கு வயது ஐம்பத்தெட்டு. அடுத்த புதன்கிழமை வலது முட்டியை எடுத்துவிட்டு உலோக முட்டி வைக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு ஓடக்கூடாது, மண்டி போடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக, இதுதான் அவனுடைய கடைசி ஆட்டம். களத்தில் எல்லோருக்கும் இது தெரியும். குழுவுக்கும் தெரியும். தெரிந்துதான் அவன்மேல் கூடுதல் கண் வைத்திருந்தார்கள். கடைசி ஆட்டம் ஆடுகிறவனுக்குப் பயமிருக்காது அல்லவா?

காலை எட்டு மணிக்கு ஆர்வில் குளிர்சாதன வேனிலிருந்து இறங்கினார். பின்னால் செயலாளர் நடீன் ப்ருவிட், ஒரு மரப்பெட்டியை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் நீல வெல்வெட் துணி, அதன்மேல் ஒற்றைப் பந்து. மஞ்சள் நிறம். கழகத்தின் எல்லாக் குழல்களும் இந்த ஒரு பந்துக்குப் பொருந்த வேண்டும் என்பதுதான் விதி.

நடீன் திருகு அளவியால் பந்தை அளந்தாள். "அறுநூத்தி எண்பத்தி மூணு," என்று சத்தமாகப் படித்தாள். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் அறுநூற்றெண்பத்து மூன்று பங்கு என்று கணக்கு. குழல் இதற்கு ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம், அவ்வளவுதான்.

ஒன்பது பேரிடம் புது மாதிரி மார்க்கர்கள் இருந்தன. குழலுக்குள் வேண்டிய அளவில் உள்குழலைச் செருகிக்கொள்ளலாம். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் 683-ஐச் செருகினார்கள். நடீன் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு நாடா ஒட்டி முத்திரை வைத்தாள். லைலிடம் இருந்தது இருபது வருஷப் பழசு. ஒரே துண்டு எஃகுக் குழல், மாற்ற முடியாது. அளவு 688.

"தகுதி இல்லை," என்றார் ஆர்வில்.

லைல் பணிவானவன். தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் பேசினான். "தலைவரே, இந்தப் புழுக்கத்துல என் பந்தெல்லாம் உப்பி 688-ல நிக்குது. எல்லார் பந்தும் அப்படித்தான். பந்து எவ்வளவோ அதுக்குத்தானே குழல்?"

"உன் பந்தைப் பத்தி நாங்க பேச விரும்பல லைல். எங்களுக்குத் தெரிஞ்ச பந்து ஒண்ணுதான்."

"ஆனா அந்தப் பந்தை இன்னிக்கு யாரும் சுடப்போறதில்லையே."

"அதனாலதான் அதை நம்ப முடியுது," என்றார் ஆர்வில்.

மார்சி தன் மார்க்கரைத் தரைக்கு நேராகப் பிடித்து ஒரு பந்து சுட்டுப் பார்த்தாள். 688 பந்து 683 குழலுக்குள் உடைந்து, ஆரஞ்சு சாயம் குழல் முனையிலிருந்து அவளுடைய பூட்ஸ்மேல் ஒழுகியது. "பாருய்யா, மூக்கு ஒழுகுது," என்று ஆர்விலைப் பார்த்துச் சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

லைல் மேல்முறையீடு செய்தான். மேல்முறையீடு என்றால் மூச்சுச் சோதனை. மூச்சுக்கு மூச்சு வித்தியாசம் இருக்கும் என்பதால், எல்லோர் சார்பிலும் ஊதுவதற்குக் கழகம் ஓர் அதிகாரபூர்வ ஊதுநரை நியமித்திருக்கிறது. பெயர் டெல்பர்ட். பள்ளி வாத்தியக் குழுவில் பெரிய பித்தளைக் குழாய் வாசித்தவர், ஆகவே தகுதிக்குக் குறைவில்லை. ஊதும் நாளில் அவர் சிரிக்கக்கூடாது, சோடா குடிக்கக்கூடாது, காலையில் பிஸ்கட் என்கிற உப்பு ரொட்டி இரண்டும் கிரேவியும் மட்டும் சாப்பிடலாம். அன்றைக்கு அவருடைய மீசையில் சர்க்கரைத் தூள் இருந்தது. லைல் அணியின் மேஜையில் ஒரு டோனட் பெட்டி திறந்திருந்ததை நானும் பார்த்தேன். ஆர்விலும் பார்த்தார்.

"டெல்பர்ட், மீசையில என்ன?"

"பழசு சார். நேத்திக்குள்ளது."

"நேத்து ஊதின மூச்சா, இன்னிக்கு ஊதற மூச்சா, அதைச் சொல்லு. டோனட் சாப்பிட்டவன் மூச்சு, டோனட் கொடுத்தவன் கட்சி."

இதை விசாரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் டெல்பர்ட் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, தலைமைப் பந்தை லைலின் குழலில் போட்டார்கள். டெல்பர்ட் மூச்சை இழுத்து முடிப்பதற்குள் பந்து மறுபக்கம் உருண்டு புல்லில் விழுந்துவிட்டது. இழுத்த மூச்சை வீணாக்கக்கூடாதென்று அவர் வெறும் குழலை ஊதினார். நடீன் கீச்சென்று கத்தி, பந்தைப் பொறுக்கி, பனி ஈரத்தைத் துடைக்க ஈரத்துணிக் காகிதத்தால் நன்றாகத் தேய்த்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். அப்புறம் எத்தனையோ பேர் குனிந்து, காயம் பட்டிருக்கிறதா என்று அதன்மேல் மூச்சு விட்டுப் பார்த்தார்கள்.

அதற்குள் மணி பத்தே கால். ஆட்டம் தொடங்கலாம் என்று மார்சி முகமூடியை மாட்டினாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் ஆர்வில். "ஆய்வுச் சான்று ரெண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். எட்டு மணிக்குக் கொடுத்தது பத்து மணியோட காலாவதி."

"ஆய்வு முடியறதுக்குள்ள ஆய்வு காலாவதியாயிடுச்சா?" என்று மார்சி கேட்டாள்.

"நாங்க எவ்வளவு கவனமா பாக்கறோம்னு அதுலேர்ந்தே தெரியல?"

மறுபடி எல்லாம் முதலிலிருந்து. நடீன் பந்தை அளந்தாள். "அறுநூத்தி எண்பத்தி அஞ்சு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஆர்விலுக்குப் புரிந்தது, வேறு யாருக்கும் புரியாத விதத்தில். ஒன்பது குழலும் 683. தலைமைப் பந்து 685. ஆக ஒன்பது குழலும் தகுதி இழந்தன.

"குழல்கள் சுருங்கியிருக்கு," என்றார். "யாரோ சுருக்கியிருக்காங்க."

நிழலிலேயே தொண்ணூறு டிகிரி வெயில். அந்த வெயிலில் உலோகம் சுருங்கியது என்று அவர் சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு. எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. காலையிலிருந்து என் வேகமானி முன்னால் ஒரு பந்தும் பறக்கவில்லை. சும்மா இருக்கிறவனுக்குச் சந்தேகம் வருவது இயற்கை. நான் நடீனுடைய கையைச் சந்தேகப்பட்டேன். வெல்வெட் துணியை யார் வாங்கினார்கள் என்று சந்தேகப்பட்டேன். ஆர்விலோ மார்சியின் ஐஸ் பெட்டியைச் சந்தேகப்பட்டார். குளிரில் வைத்தால் உலோகம் சுருங்குமாம். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஆறு சோடா, நாலு சாண்ட்விச், ஒரு தர்பூசணித் துண்டு.

"குழல் எங்க?" என்றார் ஆர்வில்.

"தர்பூசணிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன். வெட்டிப் பாக்கறீங்களா?"

வெட்டிப் பார்த்தார்கள். நடீன் அறிக்கையில் 'விதைகள் மட்டும்' என்று எழுதினாள்.

பிறகு மனுக்கள் எழுதி வாங்கி, முத்திரைகளை உடைத்து, எல்லோரும் 685 உள்குழலுக்கு மாறினார்கள். மாறியதும் மீதி உள்குழல்களையெல்லாம் சாட்சிப் பொருள் என்று வேனில் போட்டுப் பூட்டினார்கள். இனி யாரும் சுருக்கிவிடாமல் இருப்பதற்காக. லைலின் 688 அப்போதும் தகுதியில்லாமல்தான் இருந்தது. மார்சி தன் குழலையே அவனுக்கு இரவலாகத் தர வந்தாள். மரை பொருந்தவில்லை.

மதியம் நானும் லைலும் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு இடியோடு மழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். இடி வந்தால் களத்தை மூடிவிடுவார்கள்.

"வெர்ன், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டான்.

"நீ நேரா சுட்டே. அதான் தப்பு."

"எனக்கு ஜெயிக்கணும்னு இல்ல. உள்ள போகணும், அவ்வளவுதான். ஒரு பத்து நிமிஷம். ஓடி ஒளிஞ்சு ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்துட்டா, அப்புறம் முட்டியை எடுத்துக்கட்டும், காலையே எடுத்துக்கட்டும்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்காரன் ஒரு விளையாட்டுக்காக இப்படிக் கெஞ்சுவதை, அதுவும் எவனிடம் கெஞ்சுவதென்றே தெரியாமல் என்னிடம் கெஞ்சுவதை, என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து குழு மேஜைக்குப் போனேன்.

"ஆர்வில், வீங்குறது உங்க பந்து. ஏசி வேனுக்குள்ள இருந்த ஜெலட்டினை வெளிய எடுத்து, ஈரத்துல துடைச்சு, கையில பொத்தி, ஆளாளுக்கு மூச்சு விட்டா அது வீங்காம என்ன செய்யும்? குழல் அப்படியேதான்யா இருக்கு."

நடீன் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். "விதி நாலு. தலைமைப் பந்து மாறாது."

"அளந்து பாத்தது நீதானேம்மா. உன் வாயாலதானே எண்பத்தி மூணுன்னும் எண்பத்தி அஞ்சுன்னும் சொன்னே?"

"நான் அளக்கறவ. நம்பறது என் வேலை இல்ல."

ஆர்வில் என்னைத் தனியாக அழைத்துப்போய், தோளில் கைபோட்டு, ரொம்ப அன்பாகப் பேசினார். "வெர்ன், நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா யோசிச்சுப் பாரு. இத்தனை பேர் குழலைச் சந்தேகப்பட்டா கழகம் நடக்கும். அந்த ஒரு பந்தைச் சந்தேகப்பட்டா, அப்புறம் எங்களைச் சந்தேகப்படுவாங்க. எங்களைச் சந்தேகப்பட்டா, சந்தேகப்படறதுக்கு யார் இருக்கா? ஒரு பொறுப்புள்ள ஆளு வேணாமா?"

பேசிக்கொண்டே என் வேகமானியை ஓரக்கண்ணால் பார்த்தார். பத்து நிமிஷத்தில் அதன்மேலும் ஒரு சிவப்பு நாடா ஏறிவிட்டது.

பன்னிரண்டரைக்கு ஒரு ஆய்வு. பந்து 686, குழல்கள் 685. ஒன்று வித்தியாசம்தான், தேறினார்கள். லைலுக்கு மட்டும் இன்னும் இடமில்லை. சரி, நாலு பேரோடாவது ஆடித் தொலைக்கலாம் என்று லைலே தன் அணியிடம் சொன்னான். ஆனால் ஓர் அணிக்கு ஐந்து பேர் இல்லாவிட்டால் காரணம் கேட்டு விளக்கக் கடிதம் வாங்க வேண்டும். ஐந்தாவது ஆள் ஏன் ஆடவில்லை என்று குழுவே குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, குழுவே அதைப் படித்து, கையெழுத்து சந்தேகமாக இருக்கிறது என்று குழுவே திருப்பி அனுப்பியது. அதற்குள் அந்தச் சான்றும் காலாவதி.

மூன்று மணிக்குக் கடைசி ஆய்வு. காற்று ஈரத்தில் பிசுபிசுத்தது. தலைமைப் பந்து வெல்வெட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடீன் அதை நகத்தால் கிளப்பித்தான் எடுத்தாள். திருகு அளவியைத் திருகினாள்.

"அறுநூத்தி எண்பத்தி எட்டு."

ஒன்பது குழலும் 685. ஒன்பதும் விழுந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை. மாற்ற உள்குழல்கள் இல்லை, சாட்சிகள் வேனுக்குள் கிடந்தன. மேஜைமேல் காலையிலிருந்து தனியாகக் கிடந்த லைலின் எஃகுக் குழலை எடுத்தார்கள். பந்தைப் போட்டார்கள். நின்றது. டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சின்ன மூச்சு விட்டார். பந்து நடீனின் கையில் வந்து மெதுவாக விழுந்தது. பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம்.

லைல் சின்னப் பையனைப் போல எழுந்து நின்றான். "நான் ஆடலாமா தலைவரே?"

ஆர்வில் களத்தின் நடுவுக்கு நடந்தார். குழு பின்னால் போனது. குழலோடு லைலையும் அழைத்தார்கள். மீதி ஒன்பது பேரும் நானும் களத்தைச் சுற்றிக் கட்டிய வலை ஓரமாக நின்றோம். ஆர்வில் ஒலிபெருக்கியை வாயருகே வைத்தார்.

"நண்பர்களே. இன்னிக்கு இந்தக் களத்துல ஒரே ஒரு குழல்தான் நேர்மையானதுன்னு நிரூபிக்கப்பட்டிருக்கு. எதிர்ல தகுதியான ஆள் யாரும் இல்லாததால, இந்த வருஷ வெற்றி லைல் பூசெக்குக்கு. ஒரு பந்துகூடச் சுடாம, ஒரு பந்துகூட வீணாகாம, எங்க கழக வரலாத்துலயே மிகத் துல்லியமான ஆட்டம் இதுதான். குறி தவறவே இல்ல பாருங்க. எல்லாரும் தப்புன்னு ஆனப்போ ஒருத்தர் மட்டும் சரின்னா, அது ரொம்பச் சந்தேகமான விஷயம். அதனால அந்தக் குழலை மேல் விசாரணைக்காகக் குழு எடுத்துக்குது. ஆட்டம் முடிஞ்சது."

நடீன் லைலின் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்துவிட்டு மறு கையிலிருந்த குழலை வாங்கிக்கொண்டாள். தூரத்தில் முதல் இடி உருண்டது.

லைல் அந்தக் காகிதத்தைப் படித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. "அப்ப ஆட்டம்?" என்றான், யாரையும் பார்க்காமல். அவன் முகத்தைப் பார்க்கமுடியாமல் அவனுடைய அணிக்காரர்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மார்சி வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். மார்க்கரைக் கீழே போட்டுவிட்டாள். இடுப்புக் குப்பியிலிருந்து ஒரு பந்தை எடுத்து வலது கையில் வைத்துக்கொண்டு, ஒரு மறைவிடத்திலிருந்து அடுத்ததற்குக் குனிந்து குனிந்து ஓடி வந்தாள். ஐம்பது வயதுக்காரி மூச்சிரைக்க மூச்சிரைக்க அந்தக் காலி மைதானத்தில் ஒளிந்து ஒளிந்து வந்ததைப் பார்த்து முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. லைலுக்குப் புரிந்தது. சான்றிதழை அப்படியே விட்டுவிட்டு, கெட்டுப்போன முட்டியோடு பக்கத்துப் பீப்பாய்க்குப் பின்னால் பாய்ந்தான். அவள் இடமாகப் போனால் அவன் வலமாகப் போனான். இரண்டு சுற்று ஓடினார்கள். ஆர்வில் ஒலிபெருக்கியில் ஏதோ விதி எண் சொன்னார். மூன்றாவது சுற்றில் அவள் திடீரென்று திரும்பி எதிரே வந்து, உள்ளங்கையால் பந்தை அவனுடைய மார்பில் பளாரென்று அறைந்தாள்.

பந்து உடைந்தது. சட்டையின் நட்டநடுவில் ஆரஞ்சு.

"அடி," என்றாள் மார்சி. "வெளிய போ, லைல்."

எங்கள் ஆட்டத்தில் அடிபட்டவன் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வாய் பேசாமல் களத்தைவிட்டு நடக்க வேண்டும். எல்லாக் குழுக்களுக்கும் முன்னாலிருந்தே இருக்கிற விதி அது ஒன்றுதான். லைல் குனிந்து சட்டையைப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர். கையைத் தூக்கினான். நொண்டிக்கொண்டே, அவசரமே இல்லாமல், வலை வரைக்குமான எண்பது அடியும் கையைத் தூக்கியபடியே நடந்து வந்தான். வலையோரம் நின்ற எட்டுப் பேரும் முகமூடியால் தொடையில் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மழை தொடங்கியது. களத்தின் நடுவில் ஆர்வில் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு நடீனிடம் திரும்பினார்.

"அவ கையில இருந்த பந்து என்ன அளவுன்னு யாராவது பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. நடீன் திருகு அளவியை எடுத்துக்கொண்டு, சட்டையில் வழிகிற சாயத்தை அளப்பதற்காக லைலின் பின்னாலேயே ஓடி வந்தாள். அவன் கையைத் தூக்கியிருந்ததால் நிற்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை.